கட்டகாமத்துக்குப் பிறகுதான் துணை வேண்டும்

கதிர்காமப் பாதயாத்திரை போய்வந்தேன் என்று சொன்னால் எல்லாரும் காட்டைப் பற்றித்தான் கேட்கிறார்கள். யானை மறித்ததா, கரடி வந்ததா, தண்ணிக்கு என்ன செய்தீர்கள். கடைசி நாளைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. காடு முடிகிற கட்டகாமம் வந்து, வாகனம் ஓடுகிற பாதையில் கால் வைத்ததும் நடை முடிந்துவிட்டது என்ற எண்ணம். நான் பார்த்த அளவில், குழு உடைவதும், கூடவந்தவர்கள் முகம் கோணிப் பிரிவதும், இத்தனை நாள் தாங்கிய முழங்கால் திடீரென்று மடங்கிவிடுவதும் அந்தக் கடைசி நடையில்தான். காட்டைப் பற்றிச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் முடிவைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்காகப் பாதையை முதலில் சொல்லிவிடுகிறேன். நீளமான நடை யாழ்ப்பாணத்தில், தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து வேலோடு புறப்படும். முல்லைத்தீவு வற்றாப்பளை, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு மாமாங்கம், மண்டூர், திருக்கோவில், பொத்துவில், பாணமை என்று கிழக்குக் கரையோரமாக இறங்கி, உகந்தை முருகன் கோயிலுக்கு வரும். அப்படி வருபவர்களுக்கு ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகிவிடும். இடையில் எந்த ஊரிலும் சேர்ந்துகொள்ளலாம். உகந்தையோடு ஊர்கள் முடிந்து காடு தொடங்கும். குமண பூங்காவைக் கடந்து, குமுக்கன் ஆற்றைத் தாண்டி, யால காட்டுக்குள் நடந்து, கட்டகாமம் வழியாகக் கதிர்காமம். காட்டுப் பகுதிக்கு மட்டும் ஐந்தாறு நாள் வேண்டும். ஆடித் திருவிழாக் கொடியேற்றத்தை ஒட்டி ஏறத்தாழ இரண்டு வாரம்தான் இந்தக் காட்டுப்பாதையைத் திறந்துவிடுவார்கள். நாள் வருடத்துக்கு வருடம் மாறும்.

1983க்குப் பிறகு போரினால் வடக்கிலிருந்து வரும் நடை அறுந்துபோனது. குமண பூங்காவே 1985 முதல் 2003 வரை மூடிக்கிடந்தது. 1972இல் முதல் தடவையாக இந்தப் பாதையில் நடந்த பற்றிக் ஹரிகன் என்ற அமெரிக்கர், 1988 தொடக்கம் நடையை மறுபடி உயிர்ப்பிக்கப் பாடுபட்டவர்களில் ஒருவர். வழியில் எனக்குத் துணையாகச் சேர்ந்து நடந்த ஒரு வயதான அம்மா சின்ன வயதில் தன் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு இதே வழியில் போனவர். அப்போது தண்ணி பவுசரும் கிடையாது, பதிவுப் புத்தகமும் கிடையாது என்பார்.

அவர் மட்டக்களப்பில் படுவான்கரைப் பக்கத்து வேளாண்மைக் குடும்பம். அறுபதைத் தாண்டியவர். நான் கொழும்பில் கதிரையில் இருந்து வேலை செய்கிறவன். நான் மாமாங்கத்தில் நடக்கத் தொடங்கினேன், அவர் மண்டூரில் சேர்ந்தார். யாத்திரையில் எல்லாருக்கும் எல்லாரும் சாமிதான். ‘சாமி, கொஞ்சம் தள்ளிப் படுங்க’, ‘சாமி, அந்தச் செம்பைத் தாங்க’ என்றுதான் பேச்சு. ஆனால் திருக்கோவில் போய்ச் சேருவதற்குள் அவர் என்னை ‘மனே’ என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார். நான் அம்மா என்றேன்.

துணை தேடும்போது ஊரையும் உறவையும் வயதையும் பார்க்கிறோம். நடைவேகத்தைப் பார்க்க வேண்டும். அதைவிட முக்கியம் இளைப்பாறும் பழக்கம். ஒரே வேகத்தில் நடக்கிற இரண்டு பேரில் ஒருவர் மணிக்கு ஒருமுறை உட்காருபவராகவும் மற்றவர் உட்கார்ந்தால் எழும்ப முடியாதவராகவும் இருந்தால் மூன்றாம் நாள் சண்டை நிச்சயம். நான் வேகமாக நடந்து, நீளமாக உட்காருகிற ஆள். அம்மா குறுகிய எட்டு வைத்து, நிற்காமல் போய்க்கொண்டே இருப்பார். காலை முடிவில் பார்த்தால் இரண்டு பேரும் ஒரே மரத்தடியில் இருப்போம். இது தற்செயலாக அமைந்தது. பிறகு அதையே வழக்கமாக்கிக்கொண்டோம். கரையோர வீதியில் அவர் முதலில் கிளம்புவார், நான் சாமான்களைக் கட்டிவிட்டுப் பின்னால் போய்ப் பிடிப்பேன். காட்டுக்குள் அப்படிப் பிரிந்து போகக் கூடாது. அங்கே மெதுவாக நடப்பவர் முன்னுக்கு, வேகக்காரர் பின்னுக்கு. வேகக்காரர் முன்னால் போனால் நூறு அடிக்கொரு தரம் திரும்பிப் பார்த்து நிற்பார். நிற்பது நடப்பதைவிடக் களைப்பு. பின்னால் வருபவருக்கோ தன்னால்தான் தாமதம் என்ற குற்ற உணர்ச்சி வந்து, தாங்காத வேகத்தில் நடக்கப் பார்ப்பார்.

இன்னொன்று, பேச்சு. ஒரு முழுக் காலையும் பேசாமல் கூட நடக்க முடிகிற ஆளாகப் பார்த்துச் சேருங்கள். வாய் ஓயாத ஒருவர் பொத்துவில் வரை எங்களோடு வந்தார். நல்ல மனிதர்தான். காது தாங்கவில்லை.

உகந்தையில் ஒரு நாள் நிற்பது நல்லது. கோயில் பாறை அடிவாரத்தில், பக்கத்தில் கடல். மலைமேல் பாறைச் சுனைகள் இருக்கின்றன. அங்கே ஆட்களைப் பதிகிறார்கள், பொலித்தீன் பைகளைப் பார்க்கிறார்கள். வெளியே தற்காலிகக் கடைகளில் மறந்துபோன சாமான்களை வாங்கலாம், விலைதான் கொஞ்சம் கடிக்கும். அன்று மாலை நிழலில் இருந்தபோது அம்மாதான் கணக்குப் பேச்சை எடுத்தார். பானையை யார் சுமப்பது, அரிசி யாருடையது, ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவர் நிற்பதா போவதா. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில், ‘கங்கையில ரெண்டு பேரும் ஒண்டா முழுகுவம் மனே. மறுகா உன்ட பாடு, என்ட பாடு’ என்றார். கங்கை என்றது கதிர்காமத்து மாணிக்க கங்கையை, மறுகா என்றால் பிறகு.

இதை ஏன் இப்போதே பேச வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றியது. கட்டகாமத்தில்தான் அதன் அருமை தெரிந்தது.

காட்டுக்குள் எப்படி நடப்பது என்பதில் நான் சொல்லக்கூடியவை சில. இருட்டில் நடக்கக் கூடாது. கரையோரத்தில் அதிகாலை மூன்று மணிக்கே கிளம்பிப் பழகியவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும். ஆனால் யானை நடமாட்டம் இரவும் விடியலும்தான். நிலம் வெளுத்ததும் கிளம்பி, பத்து மணிக்குள் பெரும் பகுதியை முடித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு மணல் சுடும். அந்த மாதங்களில் கச்சான் காற்று வேறு தோலை உலர்த்திக்கொண்டே இருக்கும். வியர்வை காய்ந்துபோவதால் தண்ணி குடிக்கவே தோன்றாது. தோன்றாவிட்டாலும் குடியுங்கள். ஒரு தண்ணி இடத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போது ஆளுக்கு நாலு லீற்றர் கையில் இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. அதற்கென்று மற்ற எந்தச் சாமானையும் விட்டுவிடலாம்.

சில இடங்களில் பவுசரும் தாங்கியும் வைத்திருப்பார்கள், தொண்டர்களும் படையினரும் நிரப்புவார்கள். அதை மட்டும் நம்பக் கூடாது. நாங்கள் போன நேரம் ஒரு தாங்கி காலியாக இருந்தது. அம்மா அலட்டிக்கொள்ளவில்லை. வறண்ட ஆற்று மணலில், பசுமையான மருத மரம் நின்ற கரைப்பக்கமாகப் பார்த்து முழங்கை ஆழத்துக்குத் தோண்டினார். முதலில் ஊறிய கலங்கல் தண்ணியை இரண்டு தடவை இறைத்துக் கொட்டினார். பிறகு தெளிந்து வந்ததைச் சேலைத் துணியில் வடித்துக் கொதிக்க வைத்தோம். இது பொறுமை கேட்கிற வேலை, ஒரு பானைக்கு அரை மணித்தியாலம் போகும். வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கிற ஜீவனிப் பைக்கற் ஆளுக்குப் பத்தாவது எடுத்துப் போங்கள். நமக்குத் தேவைப்படாவிட்டாலும் வழியில் யாருக்காவது தேவைப்படும்.

சாப்பாடு அவலும் சர்க்கரையும், பயற்றம் மா, ஒரு வேளைக்குச் சோறும் பருப்பும். அன்னதானம் கிடைக்கிற இடங்களில் அது வேறு. படுக்கும் இடம் தண்ணிக்குப் பக்கத்தில் இருக்கலாம், விலங்குகள் தண்ணிக்கு இறங்கும் தடத்தில் இருக்கக் கூடாது. புது இலத்தி கிடந்தால் வேறு இடம் பாருங்கள். பெரிய விறகாகப் போட்டு இரவெல்லாம் அணையாமல் பார்த்துக்கொள்ள முறை வைத்துக்கொள்வோம். புல்லில் உட்கார்ந்தால் உண்ணி ஏறும், அக்குளையும் இடுப்பையும் மாலையில் தேடிப் பாருங்கள். சிறுத்தை, கரடி பற்றிய கதைகளை இரவு நெருப்பைச் சுற்றிச் சொல்லுவார்கள். நான் பார்த்த விலங்குகளில் கூடுதல் தொந்தரவு தந்தது குரங்கு.

கால் விஷயம். பலர் நேர்த்திக்காக வெறுங்காலோடு நடக்கிறார்கள். அம்மாவும் அப்படித்தான், ஆனால் சுடுமணலுக்கு ஒரு சோடி றப்பர்ச் செருப்பைப் பையில் வைத்திருந்தார். முருகன் அதைக் கணக்கில் எடுக்க மாட்டான் என்பது அவர் தீர்ப்பு. நான் பழைய கன்வஸ் சப்பாத்தோடு போனேன். புதுச் சப்பாத்து வாங்கிக்கொண்டு வந்த பொடியன்கள் பாணமைக்கு முன்பே அதைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்கள். தோலில் ஓரிடம் சூடாகத் தெரிந்தவுடனே நின்று பிளாஸ்டர் ஒட்ட வேண்டும். கொப்புளம் எழும்பிய பிறகு ஒட்டுவதில் பெரிய பலன் இல்லை. நின்று ஒட்டுவதற்கு வெட்கப்பட வைக்காத துணை வேண்டும், அதுவும் ஒரு தகுதி. இரவில் பாதத்தைக் கழுவி, துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவிப் படுக்கிற அம்மாவின் பழக்கத்தை நான் இப்போதும் விடவில்லை.

சரி, கட்டகாமம்.

வியாழை, வள்ளியம்மன் ஆறு எல்லாம் தாண்டிக் கட்டகாமம் வரும்போது உடம்பு ஒருவிதமாகப் பழகியிருக்கும். அங்கே குளம் இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள், வாகனம் வந்துபோகிறது. கைபேசிக்குச் சிக்னல் வந்தது. வந்தவுடன் எல்லாருடைய பையிலிருந்தும் ‘டிங் டிங்’ என்று சத்தம். நாட்கணக்காக மற்றவர் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்த ஆட்கள் அத்தனை பேரும் குனிந்துகொண்டார்கள். ஒருவருக்கு மகள் வந்து காத்திருக்கிறாள், ஒருவருக்கு வேலைக்குத் திரும்பும் நாள், ஒருவருக்கு வீட்டில் சாவு. அதுவரை ஒரே குழு. அரை மணித்தியாலத்தில் அவரவர்க்கு அவரவர் அவசரம் வந்துவிட்டது.

எனக்கும் வந்தது. அண்ணனும் அண்ணியும் பிள்ளைகளோடு வான் வண்டியில் கதிர்காமத்துக்கு வந்து நின்றார்கள். மத்தியானப் பூசைக்கு வந்துவிடு, பிள்ளைகள் காத்திருக்கிறார்கள் என்று செய்தி. நான் தனியாக வேகமாகப் போனால் போய்ச் சேர்ந்துவிடலாம். அம்மாவுக்கோ இடது முழங்கால் வீங்கியிருந்தது. முந்தின நாள் ஆற்றுக் கரையில் இறங்கும்போது சறுக்கியதன் பலன்.

உகந்தையில் பேசி வைத்திருக்காவிட்டால் அந்த இடத்தில் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ‘நீ போ மனே’ என்று அவர் சொல்லியிருப்பார். மரியாதைக்கு நான் இரண்டு தடவை மறுத்துவிட்டுப் போயிருப்பேன். பக்கத்துக் குழுவில் கண்ணுக்கு முன்னாலேயே அது நடந்தது. வெருகலிலிருந்து சேர்ந்து நடந்த இரண்டு சிநேகிதர்களில் ஒருவர் போய்விட்டார். மற்றவர் தன் பையை வெறுமனே அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தார். பேசி வைத்த சொல் இருந்ததால் எங்களுக்கு அந்த நாடகம் தேவைப்படவில்லை. அண்ணனுக்கு, பின்னேரம்தான் வருவேன், பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுங்கள் என்று எழுதிவிட்டுக் கைபேசியை அணைத்துப் பைக்குள் போட்டேன். அண்ணி முணுமுணுத்திருப்பார், அது பரவாயில்லை.

துணையோடு போகிறவர்கள் வீட்டாரிடம் வரும் நேரத்தைச் சொல்லாதீர்கள். நாளை மட்டும் சொல்லுங்கள். முடிந்தால் அடுத்த நாள் காலையில் வரச் சொல்லுங்கள். காத்திருக்கிற உறவைப் போல ஆளைத் துரத்துகிற யானை எந்தக் காட்டிலும் இல்லை.

அடுத்தது சுமை. கட்டகாமத்தில் ஒரு தொண்டர் உழவு இயந்திரப் பெட்டியில், நடக்க முடியாதவர்களை ஏற்றிக்கொண்டிருந்தார். அம்மாவையும் கூப்பிட்டார். ‘ஏறுறதில ஒரு பிழையும் இல்ல. ஏலாட்டி ஏறத்தான் வேணும். எனக்கு இன்னும் ஏலும்’ என்றார் அம்மா. நடக்க முடியாமல் ஏறியவர்களை மற்றவர்கள் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். அந்தப் பார்வைக்குப் பயந்து நடந்து முழங்காலை நிரந்தரமாகக் கெடுத்துக்கொள்வதில் என்ன பக்தி என்று எனக்கு விளங்கவில்லை. நாங்கள் இடைவழி ஒன்று கண்டோம். பைகள் இரண்டையும் பெட்டியில் ஏற்றினோம். அதற்கு முன் அம்மா தன் பையை அவிழ்த்து, மஞ்சள் துணியில் முடிந்த காணிக்கையை மட்டும் எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். நான் தண்ணிப் போத்தல்களையும் கொஞ்ச அவலையும் வைத்துக்கொண்டேன். பை போனதும் அவர் நடை அரைவாசி சீரானது. என் சாரத்தைக் கிழித்து முழங்காலைச் சுற்றி, இறுக்கமில்லாமல் கட்டினோம். பாதையோரத்தில் கிடந்த தடி ஒன்று, வீங்கிய காலுக்கு எதிர்ப்பக்கத்துக் கையில். தடியை வலிக்கிற பக்கத்திலேயே பிடிப்பதுதான் பலருடைய வழக்கம். மறுபக்கத்தில் பிடித்தால்தான் அந்தக் காலின் பாரம் குறையும்.

கடைசி நடையில் வேகம் தானாகக் கூடும், கவனித்துப் பாருங்கள். தூரத்தில் ‘அரோகரா’ கேட்கும், எதிரே வருகிற வாகனக்காரர்கள் கை காட்டுவார்கள், ‘இன்னும் கிட்டத்தான்’ என்று பத்துப் பேர் சொல்லுவார்கள். கிட்டத்தான் என்று சொல்பவர்கள் எல்லாரும் வாகனத்தில் வந்தவர்கள். காட்டுக்குள் எச்சரிக்கையாக வைத்த காலை இங்கே யாரும் பார்த்து வைப்பதில்லை. பாதையின் கிறவல் கல்லில் புரள்கிற கணுக்கால்களை அன்று நிறையப் பார்த்தேன். நாங்கள் வழக்கம்போல அவரை முன்னுக்கு விட்டு நடந்தோம். இரண்டு தடவை நிழலில் நின்றோம். எங்களை முந்தியவர்களில் சிலரை மறுபடி பாதையோரத்தில், காலை நீட்டிக்கொண்டு இருக்கக் கண்டோம். அம்மா ஒவ்வொருவரிடமும் தண்ணி வேணுமா என்று கேட்டார். அதிலும் நேரம் போனது.

பின்னேரம் மாணிக்க கங்கைக்கு வந்தோம். தண்ணி முழங்காலுக்கு மேல் இல்லை, திருவிழாக் கூட்டம் அதைவிட ஆழம். சேலையோடு இறங்கி மூன்று தரம் முழுகி எழும்பினார். நான் பக்கத்தில் நின்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், பாறை வழுக்கும். எனக்குப் பெரிதாக அழுகை வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். பசிதான் வந்தது. அம்மாவுக்கும் அப்படித்தானாம். முதல் தடவை போகிறவர்களிடம் இதைச் சொல்லி வைக்க விரும்புகிறேன். போய்ச் சேருகிற நேரத்தில் ஒன்றும் தோன்றாமல் போகலாம், அதில் குறை ஒன்றும் இல்லை. எனக்கு அடுத்த நாள் தெய்வானை அம்மன் கோயில் வாசலில், ஒரு காரணமும் இல்லாமல் தொண்டை அடைத்தது.

பெரிய கோயிலில் மூலஸ்தானத்தைப் பார்க்க முடியாது, திரைதான். கப்புறாளைமார் என்கிற பூசகர்கள் திரைக்கு உள்ளே போய்ப் பூசை செய்வார்கள், நாம் திரையைக் கும்பிட்டுத் திரும்புவோம். இவ்வளவு தூரம் நடந்தது ஒரு திரையைப் பார்க்கவா என்று அண்ணனின் மகன் கேட்டான். அம்மா சிரித்துக்கொண்டு அவனுக்கு ஒரு கற்கண்டுத் துண்டு கொடுத்தார். இரவு பெரகரா ஊர்வலத்தில் யந்திரப் பேழையை யானை சுமந்துகொண்டு வள்ளியம்மன் கோயிலுக்குப் போகும்போது நாங்கள் ஓரமாக நின்று பார்த்தோம். கதிரமலைக்கு ஏறும் யோசனையை இரண்டு பேருமே கைவிட்டோம். ஜீப் போகிறது, வேண்டுமானால் அதில் ஏறலாம். நடந்து முடித்த கையோடு மலையும் ஏறியே தீர வேண்டும் என்று முழங்கால் வீக்கத்தோடு போகிறவர்கள் வேறு ரகம்.

சேர்ந்த முதல் இரவு சாப்பாட்டில் கவனமாக இருங்கள். அவலிலும் பருப்பிலும் பழகிய வயிறு அன்னதானத்தில் நாலு கறியோடு ஒரு கட்டுக் கட்டினால் அந்த இரவு லேசில் விடியாது. யாத்திரையில் வயிற்றோட்டம் வந்தவர்களில் பாதிப் பேருக்கு அது கதிர்காமத்தில்தான் வந்தது. நான் இரண்டு கரண்டி சோற்றோடு எழும்பிவிட்டேன், அண்ணிக்கு மறுபடி மனவருத்தம். காலைச் சுவரில் உயர்த்தி வைத்துக்கொண்டு படுத்தால் பாத வீக்கம் இறங்கும். உடனே பஸ்ஸில் ஏறி ஆறேழு மணித்தியாலம் காலைத் தொங்கவிட்டால் அடுத்த நாள் செருப்பே ஏறாது.

பிரிவைப் பற்றிக் கேட்டால், அதுவும் உகந்தையில் பேசியபடிதான். முழுகியதோடு கணக்கு முடிந்துவிட்டது. அவர் தன் ஊர் ஆட்களோடு தங்கினார், நான் அண்ணன் குடும்பத்தோடு. மீதிச் சாமானைப் பிரித்துக்கொண்டோம். பானை அவருக்கு, ஜீவனிப் பைக்கற்றில் மிஞ்சியது அவர் குழுவில் வயிறு கெட்டிருந்த பெண்ணுக்கு. இலக்கத்தைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். அவரிடம் கைபேசி இல்லை, மருமகனுடைய இலக்கத்தைச் சொன்னார். பயணத்தில் நெருங்கிய ஆளை ஊருக்கு வந்த பிறகும் அதே நெருக்கத்தோடு வைத்திருக்க வேண்டும் என்று கட்டாயம் ஏதுமில்லை. சிலரோடு அது தொடரும், சிலரோடு பொங்கலுக்கு ஒரு தொலைபேசி அழைப்போடு நிற்கும். இரண்டும் நல்லதுதான்.

புத்தளை வீதியால் திரும்பி வரும்போது, பஸ்ஸை மறித்து ஜன்னலுக்குள் தும்பிக்கையை நீட்டி வாழைப்பழம் கேட்டது ஒரு யானை. காட்டுக்குள் அத்தனை நாள் இலத்தியையும் தடத்தையும் மட்டுமே பார்த்தவனுக்கு, கையெட்டும் தூரத்தில் முதல் யானை பஸ்ஸுக்குள் இருந்துதான். தயவுசெய்து பழம் கொடுக்காதீர்கள், கொடுத்துக் கொடுத்துத்தான் அவை வீதிக்கு வந்து பழகியிருக்கின்றன.

அடுத்த தடவை போக நினைப்பவர்கள் காட்டுப்பாதை திறக்கும் நாள் அறிவித்ததும் லீவுக் கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள். நடைக்கு எத்தனை நாள் என்று கணக்குப் போட்டு, முடிவில் இரண்டு நாள் கூட்டிக் கேளுங்கள். ஒன்று பின்தங்குகிற துணைக்காக, மற்றது கதிர்காமத்தில் காலை உயர்த்தி வைத்துக்கொண்டு படுத்துக்கிடக்க.